பட்டுப் பண்ணை கண்ட பெருமகன் ஜாம்ஷெட்ஜி டாட்டா

பெங்களூரில் பசவனகுடியை அடுத்து ‘டாட்டா சில்க் பார்ம்’ என வழங்கும் பகுதி ஒன்று உண்டு. அங்கே அண்மையில் குடிபுகுந்த எம் தங்கையின் மகன், பட்டும் இல்லை, பண்ணையும் இல்லை, இப்பெயர் மட்டும் எவ்வாறு வந்தது என்று எம்மை வினவினான். டாட்டா என்றால் இரும்பு, உந்து வண்டி, உப்பு என்று அறிந்திருந்தோமே தவிர, பட்டுக்கும் அப்பெருமகனுக்கும் உள்ள தொடர்பை நாம் அறியோம். மாமன் என்னும் உரிமைக்கு இழுக்கு வராமல் காக்க வேண்டிச் சில நூல்களைப் புரட்டினோம். அறிந்தவற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எமக்குப் புலமை ஏதும் இல்லை. பிழை கண்டவிடத்துப் பெரியோர் பொறுத்தருள்க.

ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா 1839-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள், குசராத்தைச் சார்ந்த நவசாரி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் குலம் பார்சி வகுப்பினரின் புரோகிதர் குலம். தந்தையார் நசர்வான்ஜியோ குலத்தொழிலை விடுத்துப் பம்பாய் சென்று வாணிகம் மேற்கொண்டார். மகனும் இளமையிலேயே பம்பாய் சேர்ந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1858-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தந்தையார் அவரை ஹாங்காங் நகருக்கு வாணிகம் பழக அனுப்பினார். பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் பிழைப்புத் தேடுதல் எத்தகையது என்பதை இக்காலனியில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அக்காலத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்படவே, பம்பாய்ப் பருத்திக்குப் பொன் விலை கிடைத்தது. ஊரெங்கும் புதுப் பங்குகளும் புது வங்கிகளும் தோன்றின. 1865-இல் போர் முடிந்தது. ஒரே வீழ்ச்சியில் பம்பாயின் செல்வர் பலர் வறியர் ஆயினர். அச்சமயம் ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். அவர் கையில் இருந்த உண்டியல்கள் வெறுந்தாள் ஆயின. அவர் ஓடி ஒளியாமல் கடன் கொடுத்தோரை நேரில் கண்டு, உள்ள நிலையை உள்ளவாறே உரைத்தார். அவர்களும் அவர் நேர்மையில் நம்பிக்கை வைத்தனர். அந்தத் துன்ப நாள்களிலும் லங்காஷயர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்துப் பஞ்சு நூலாகும் வகையைக் கற்றுக் கொண்டமை அவர் இயல்பைக் காட்டும்.

ஊர் திரும்பியபின் 1868-இல் சொந்தமாக வாணிகக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி, இரண்டே ஆண்டுகளில் ஊதியத்துடன் விற்றார். பின் மீண்டும் லங்காஷயர் சென்று பயின்று வந்தார். இனித் தொடங்கும் ஆலை பம்பாயில் அன்று, பருத்தி விளையும் இடத்திலேயே அமைய வேண்டும் என்று துணிந்து, நாகபுரியைத் தேர்ந்தார். பருத்தியும் நிலக்கரியும் அதற்கு அணித்தே கிடைத்தன. ரயில் பாதையும் அங்கே சென்றது. சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கியதைக் கண்ட உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர், பொன்னைப் புதைக்கும் பித்தன் எனக் கருதிக் கடன் கொடுக்க மறுத்தாராம். பின்னாளில் மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தார் என அவரே ஒப்பினாராம். 15 இலட்சம் ரூபாய் முதலீட்டில் தொடங்கிய அவ்வாலை 1877 சனவரி முதல் நாள் திறக்கப் பெற்றது. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட நாளும் அதுவே ஆதலால், ‘எம்ப்ரஸ் மில்’ என்று பெயர் பெற்றது.

அவ்வாலையை நடத்தும் பொறுப்பை ஜாம்ஷெட்ஜி எவரிடம் ஒப்படைத்தார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு ஓர் உவகை. ஜி.ஐ.பி. ரயில்வேயின் சரக்குப் பகுதியில் பணியாற்றி வந்த பேசோன்ஜி மேத்தா என்பாரையே அழைத்து மேலாளராக அமர்த்தினார். மேத்தாவுக்குக் கதிர் இன்னது, தறி இன்னது என்றும் தெரியாது. ஆனால் மூட்டை எத்தனை வந்தது, எத்தனை போயிற்று, எங்கே தேங்கிற்று என்று கணக்குத் தவறாமல் காணும் கண் இருந்தது. இயந்திர நுட்பத்துக்கு புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயரைத் துணை சேர்த்தார். நம் அலுவலகத்தில் வே பில்லும் டேமரேஜுமாகக் காலம் கழிக்கும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்க. எம்மைத் தேடி அத்தகைய டாட்டா எவரும் இதுவரை வந்திலர் என்பது வேறு செய்தி.

முதலில் ஆலைக்கு வந்த இயந்திரங்கள் மலிவானவை; நூலும் தரமாக இல்லை. ஜாம்ஷெட்ஜி தயங்காமல் அவற்றை மாற்றினார். வளையக் கதிர் என்னும் புதுவகைக் கதிரை லங்காஷயரே ஐயத்துடன் நோக்கிய காலத்தில் அதனைத் தருவித்துச் சோதித்து, நன்றெனக் கண்டபின் ஆலை முழுதும் பரப்பினார். தொழிலாளர் நிலையோ வேறு வகையான இடர். நாள்தோறும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வாராதிருத்தல் அங்கு வழக்கமாயிருந்தது. தண்டம் விதித்து அச்சுறுத்துவதை விடுத்து, ஒழுங்காக வருவோர்க்குப் பரிசும், 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்துக்கு ஈட்டுத் தொகையும் ஏற்படுத்தினார். வெப்பமும் தூசியும் குறைய ஈரக்காற்றுக் கருவிகளையும் அமைத்தார். இவற்றைச் செய்யுமாறு அந்நாளில் எந்தச் சட்டமும் அவரை வற்புறுத்தவில்லை. மாத இறுதியில் சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதி எனப் பிடித்தம் காணும் நாம், எப்போதேனும் இதனை எண்ணிப் பார்த்தோமா?

1886-இல் குர்லாவில் கேடுற்றுக் கிடந்த தரம்சி ஆலையை வாங்கி ‘சுதேசி மில்’ எனப் பெயரிட்டார். அது அவரைப் படாத பாடு படுத்தியது. இயந்திரம் பழுது; அனுப்பிய சரக்குத் திரும்பி வந்தது; பங்கின் விலை சரிந்தது; வங்கி கடன் மறுத்தது. குடும்பத்துக்கென ஒதுக்கி வைத்த பொருளையும் எம்ப்ரஸ் ஆலைப் பங்குகளில் ஒரு பகுதியையும் அதில் இட்டு, நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களை வரவழைத்து, ஆண்டுகள் சில போராடியே அதனை நிமிர்த்தினார்.

இனிப் பட்டுக்கு வருவோம். எம் மருமகனின் வினாவும் அதுவே.

மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை ஊன்றியவர் திப்பு சுல்தான். வங்காளத்திலிருந்து புழு முட்டைகளை வரவழைத்து, நாட்டின் பல இடங்களில் வளர்க்கச் செய்தார். அவருக்குப்பின் தொழில் வளர்ந்தும் தளர்ந்தும் வந்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழு நோயால் பெரிதும் நலிந்தது. பிரான்சிலும் இத்தாலியிலும் இதே காலத்தில் பெப்ரைன் என்னும் நோய் பட்டுத்தொழிலை ஏறக்குறைய அழித்துவிட்டது. மிளகுப் பொடி தூவினாற்போல் புழுவின் மேனியில் கரும்புள்ளிகள் தோன்றும். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கும் நோய் செல்லும். பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1865 முதல் சில ஆண்டுகள் இதனை ஆராய்ந்து எளிய வழியொன்றைக் கண்டார். முட்டையிட்டபின் தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் நோக்க வேண்டும். நோய் இருப்பின் அதன் முட்டைகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும். அவ்வளவே. ஆனால் அவ்வழி நம் உழவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

ஜாம்ஷெட்ஜி பிரான்சு நாட்டுப் பட்டுத்தொழிலை அறிந்தவர். 1893-இல் ஜப்பானையும் நேரில் கண்டவர். அங்கிருந்து அமெரிக்கா சென்ற அதே கப்பலில்தான் சுவாமி விவேகானந்தரும் பயணம் செய்தார். ஜப்பானில் பட்டு பெரிய ஆலைகளின் தொழிலாக மட்டும் இல்லாமல் குடியானவர் வீட்டுத் தொழிலாகவும் இருந்தது. மைசூர் நாட்டின் தட்பவெப்பம் மல்பெரிச் செடிக்கும் புழுவுக்கும் ஏற்றது. உழவர்க்குப் பழக்கமும் உண்டு. குறைந்தது முறை ஒன்றே. இதனைக் கண்டுகொண்ட அவர், 1896-ஆம் ஆண்டை ஒட்டிப் பெங்களூரில் பட்டுப் பண்ணையை அமைக்க முற்பட்டார். அப்போது மைசூர்த் திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடியில் தோன்றி, 1883 முதல் 1901 வரை இந்நாட்டின் திவானாக விளங்கிய பெருமகன் அவர். மைசூர் அரசு நிலமும் ஆண்டுதோறும் உதவித்தொகையும் அளித்தது. ஓட்ஸு என்னும் ஜப்பானியரும் அவர் மனைவியாரும் வரவழைக்கப்பட்டுப் பண்ணையின் பொறுப்பை ஏற்றனர்.

இது ஆலை அன்று, பள்ளி. செடி நடுவது, புழு வளர்ப்பது, தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதிப்பது, கூட்டிலிருந்து இழை எடுப்பது, சிட்டம் கட்டிச் சந்தைக்கு ஆயத்தம் செய்வது ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில், சிறு பொருட்செலவில் செய்து காட்டினர். பயில வந்தவர்கள் சில திங்கள் இருந்து கற்றுத் தத்தம் ஊர் திரும்பித் தாமே தொழில் செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு. நாகபுரியில் 450 தறிகளும் ஏறத்தாழ 30,000 கதிர்களும் நிறுவியவர், ஒரு குடிசையில் ஓர் அடுப்பும் ஒரு சுற்றுருளையும் கொண்டு நடக்கும் வேலைக்காகக் கடல் கடந்து ஆசிரியரைத் தேடினார் என்பதை அன்பர்கள் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

அந்த வேலையை நேரில் காண விரும்பி, விடுமுறை நாளொன்றில் ராமநகரம் சென்றோம். நம் மைசூர்–பெங்களூர் ரயில் பாதையில் உள்ள ஊர்தான். ஆசியாவிலேயே பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை எனப் பெயர் பெற்றது. சந்தையை அடுத்த தெருக்களில் இழை எடுக்கும் சிறு கூடங்கள் பல உள்ளன.

ஆட்டு மயிர் நூலாகும் வகை வேறு, பட்டு நூலாகும் வகை வேறு என்பது அங்கேதான் எமக்குத் தெளிவாயிற்று. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் அல்பாகா என்றொரு விலங்கு உண்டு, ஒட்டகத்தின் இனம். அதன் மயிர்ப் பொதிகள் லிவர்பூல் கிடங்கில் வாங்குவாரின்றிக் கிடக்க, டைட்டஸ் சால்ட் என்னும் பிராட்ஃபோர்டு நகரத்தார் 1836-ஆம் ஆண்டளவில் வாங்கிச் சென்று, பலவாறு முயன்று, பளபளக்கும் நூலாக்கிப் பெருஞ்செல்வர் ஆனார். 1853-இல் தொழிலாளர்க்கென ஒரு நகரமே எழுப்பினார். அம்மயிரை முதலில் தரம் பிரிக்க வேண்டும், கழுவ வேண்டும், சீப்பு முட்களில் வாரி ஒருமுகப்படுத்த வேண்டும், நீட்டி முறுக்க வேண்டும். மயிர் குட்டையானது, முறுக்கு இல்லையேல் நூல் இல்லை. பட்டுக்கோ, நூலைப் புழுவே நூற்று முடித்துவிட்டது. மூன்று நாள் இடைவிடாமல் தன்னைச் சுற்றிச் சுற்றி ஒரே இழையாக அது நூற்றதை அறுபடாமல் அவிழ்ப்பதொன்றே மனிதன் செய்யும் வேலை. அது எளிதென்று எண்ணற்க.

சந்தையில் வாங்கிய கூடுகளை முதலில் சூட்டில் வைத்து உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் கொல்கின்றனர். இல்லையேல் அது பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளிவரும். இழையும் துண்டு துண்டாகும். பின் கூடுகளைக் கொதிநீரில் இட்டு அவற்றின் பசையை இளக்குகின்றனர். நீர் மிகச் சூடானால் இழை குழைந்து சிக்குறும். சூடு குறைந்தால் அவிழாமல் அறும். இளகிய கூட்டை மெல்லத் தடவினால் முதலில் சிக்கான மேலிழை வரும். அதை விலக்கினால் உண்மையான முனை கிட்டும். ஓரிழை கண்ணுக்கே புலப்படாது. ஆதலால் எட்டுப் பத்துக் கூடுகளின் முனைகளை ஒன்றுசேர்த்து ஒரு சிறு துளையில் கோத்து, தம்முள் முறுக்கிச் சுற்றி நீரைப் பிழியச் செய்து, உருளையில் ஏற்றுகின்றனர். பசை மீண்டும் உலர்ந்து பத்திழையும் ஓரிழையாக ஒட்டிக்கொள்ளும். ஒரு கூடு தீர்ந்தால் அந்த நொடியே வேறொரு கூட்டின் முனையை எறிந்து சேர்க்க வேண்டும். தாமதித்தால் அவ்விடம் நூல் மெலியும். நம் பழைய மைசூர் இனத்தின் கூட்டில் 300, 400 மீட்டர் இழையே கிட்டும். இருபருவ இனத்தின் நற்கூட்டில் 1,000 மீட்டர் வரை கிட்டும். பிறகு மறுசுற்று, சிட்டம், முறுக்கு. சாயமிடுமுன் சோப்பு நீரில் கொதிக்கவைத்து எஞ்சிய பசையைப் போக்கும்போது எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கழிந்துவிடும். நம் பெண்டிர் விரும்பும் பளபளப்பு அப்போதுதான் தோன்றும்.

எம் அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவர் கொள்ளேகாலத்தைச் சார்ந்தவர். கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததும், பட்டுக்குப் பெயர் பெற்றதும் பலர் அறிவர். நாம் ராமநகரத்திலிருந்து கொணர்ந்த கூடு ஒன்றைக் காட்டியதும், பாட்டியார் அதனைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, நன்கு உலர்ந்த கூடு என்றார். சிறுமியாய் இருந்தபோது தாயுடன் இழை எடுக்கும் கொட்டகைக்குச் சென்றவராம். நாள் முழுதும் விரல்கள் கொதிநீரில் இருந்தமையால் தோல் வெளுத்து உரியுமாம். இரவில் சோறு பிசைய இயலாமல் தாயார் கரண்டியால் உண்டதைச் சொன்னார். புழு நாற்றம் தலைமுடியை விட்டு நீங்காதாம். அத்தாயார் பட்டுச்சேலை உடுத்தியதுண்டா என்று எம் இல்லத்தரசி கேட்க, பாட்டியார் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குச் சென்றார். இன்று பல கூடங்களில் தானியங்கி இயந்திரம் வந்துள்ளது. ஆயினும் நாம் கண்ட கூடத்தில் கொதிதொட்டியின் முன் இருந்த இரு பெண்களின் விரல்களும் வெளுத்தே இருந்தன. ஜாம்ஷெட்ஜி நாகபுரி ஆலைத் தொழிலாளர்க்குச் செய்தவை இச்சிறு கொட்டகைகளுக்கு எட்டவில்லை என்பதையும் எழுதாமல் விடுவது முறையாகாது. தொழிலைச் சிறிதாக்கிப் பரப்பினால் ஊதியம் பலரைச் சேரும் என்பது உண்மையே. அதே தொழில் சிதறிக் கிடப்பதால் தொழிலாளர் துயர் எவர் கண்ணிலும் படாமல் போவதும் உண்மையே.

மைசூர் நாட்டோடு அவர் உறவு பட்டோடு நிற்கவில்லை. தம் மூத்த மகன் தோராப்ஜிக்கு மணம் பேசியதும் இங்கேதான். மைசூர் அரசின் கல்வித்துறைத் தலைவராக இருந்த பாபா என்பாரின் மகள் மெஹர்பாய் அக்குடும்பத்தின் மருமகள் ஆனார். உயர் அறிவியல் கல்விக்கென 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை அளிக்க முன்வந்த ஜாம்ஷெட்ஜியின் திட்டத்துக்கு மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் தந்தது. 1909-இல் இந்திய அறிவியல் கழகம் பெங்களூரில் தோன்றியது. அதனைக் காண அவர் இருந்திலர். இரும்பாலை, நீர் மின்னாற்றல் ஆகியவையும் அவருக்குப் பின்னரே கைகூடின. அவர் கண்ணால் கண்டது 1903 டிசம்பரில் திறந்த பம்பாய்த் தாஜ்மகால் விடுதி ஒன்றே. சில முயற்சிகள் தோற்றும் போயின. ஜப்பானியக் கப்பற் கழகத்துடன் சேர்ந்து 1893-இல் தொடங்கிய கப்பற் போக்குவரத்து, எதிர்த்தரப்பார் கூலியைப் பெரிதும் குறைத்ததால் நிலைக்கவில்லை. கூலி குறைந்த கப்பலை நாடி நம் வணிகரே அவரைக் கைவிட்டனர்.

1904 மார்ச்சில் மனைவியார் ஹீராபாய் மறைந்தார். உடல் நலிந்து மருத்துவத்துக்காக ஐரோப்பா சென்ற ஜாம்ஷெட்ஜி, அதே ஆண்டு மே 19-ஆம் நாள் ஜெர்மனியின் நவ்ஹைம் நகரில் காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்யப் பெற்றார்.

பட்டுப் பண்ணை அவருக்குப் பின் சில ஆண்டுகள் நடந்து, 1910-ஐ ஒட்டி இரட்சணிய சேனையாரின் கைக்கு மாறியது. 1912-இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் அரசுப் பட்டு நெசவாலையை நிறுவினார். தறிகள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. மானந்தவாடிச் சாலையில் இன்றும் இயங்கும் அவ்வாலை 1980 முதல் கர்நாடகப் பட்டுத் தொழிற் கழகத்தின் வசம் உள்ளது. டி. நரசீபுரத்தில் இழை எடுத்து இங்கு நெய்கின்றனர். 1961-இல் தோன்றிய மத்திய பட்டுப்புழு ஆராய்ச்சி நிலையமும் நம் மைசூரிலேயே உள்ளது. 1990-களில் ஜப்பானிய வல்லுநர் மீண்டும் இங்கு வந்து இருபருவ இனங்களை வளர்க்க உதவினர். ஓட்ஸு தம்பதியர் வந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து!

இவ்வளவையும் எழுதி எம் மருமகனுக்கு அனுப்பினோம். தன் தெருவில் ஒரு மல்பெரிச் செடியேனும் நிற்கிறதா என்று தேடிப் பார்த்ததாகவும், எங்கும் அடுக்குமாடி வீடுகளே உள்ளன என்றும் விடை எழுதினான். அடுத்த முறை பெங்களூர் செல்கையில் நாமும் ஒருமுறை தேடிப் பார்ப்பதாக இருக்கின்றோம். பாட்டியாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.